ஓர் அட்டை உறை, நான்கு முயற்சிகள்

பட்டறை மேசையின் இழுப்பறையில், வங்கி அட்டைகளைச் செருகி வைக்கும் நான்கு தோல் உறைகள் கிடக்கின்றன. ஒவ்வொன்றின் உட்புறத்திலும் ஒன்று முதல் நான்கு வரை பென்சிலால் எண் இட்டிருக்கிறேன். நான்குக்கும் வடிவம் ஒன்றே: ஒரு பின்துண்டு, அதன்மேல் படிக்கட்டுப் போல ஏறி இறங்கும் இரண்டு பைகள், இரு பக்கங்களிலும் அடியிலும் தையல். தோல்வேலை பழகத் தொடங்குபவர்கள் வழக்கமாகச் சாவிக்கொத்துக்கு ஒரு வார், பிறகு பெல்ட், பிறகு கைப்பை என்று பொருளை மாற்றிக்கொண்டே போவார்கள். நானும் அப்படித்தான் போயிருப்பேன். ஆனால் முதல் உறை கெட்டுப்போனபோது அது எந்த இடத்தில் கெட்டது என்பதே எனக்குப் பிடிபடவில்லை. விளிம்பு நார்நாராகப் பிரிந்தபோது மெருகுப் பிசினைக் குறை சொன்னேன். அடுத்ததில் சாயம் திட்டுத்திட்டாக நின்றபோது சாயப் புட்டியைக் குறை சொன்னேன். இரண்டு பழியும் தவறான இடத்தில் விழுந்தவை என்பது மூன்றாவது உறையைச் செய்யும்போதுதான் விளங்கியது. மெருகிடும் நேரத்தில் கண்ணில் படுகிற கோளாறு, பெரும்பாலும் கத்தியையோ பசையையோ கையில் வைத்திருந்த நேரத்தில் நடந்து முடிந்தது.

முதல் உறையின் முதல் பிழைக்குக் கருவியும் காரணமில்லை, தோலும் காரணமில்லை, கணக்குத்தான் காரணம். ஐஎஸ்ஓ 7810 தரத்தின்படி வங்கி அட்டையின் நீளம் 85.6 மி.மீ., அகலம் ஏறத்தாழ 54 மி.மீ. அட்டையின் நீளம் உறையின் அகலத்தில் கிடக்க வேண்டும்; தாராளமாக இருக்கட்டும் என்று 90 மி.மீ. அகலத்துக்குத் தோலை வெட்டினேன். விளிம்பிலிருந்து 3 மி.மீ. உள்ளே தள்ளித் தையல் ஓடும் என்பதை நினைக்கவில்லை. இருபுறமும் 6 மி.மீ. போக உள்ளே மிஞ்சியது 84 மி.மீ. தைத்து முடித்து, முடிச்சையும் அறுத்த பிறகு அட்டையைச் செருகிப் பார்த்தேன், அது நுழையவில்லை. இப்போது 98 மி.மீ. அகலத்துக்கு வெட்டுகிறேன். அதற்கு முன்பாகக் கெட்டி அட்டைக் காகிதத்தில் ஒரு மாதிரி செய்து, ஒட்டி, உண்மையான அட்டையைச் செருகிப் பார்த்துவிட்டே தோலைத் தொடுகிறேன். காகித மாதிரிக்குத் தோலின் தடிமன் கிடையாது என்பதால், அதில் லேசாகத் தளர்வாக இருக்கும் அளவுதான் தோலில் சரியாக வரும்.

அந்த முதல் உறைக்கு நான் எடுத்தது குரோம் முறையில் பதனிட்ட மென்மையான தோல். தொட்டால் பட்டுப் போல இருந்ததால் அதுவே உயர்ந்தது என்று எண்ணிவிட்டேன். மரப்பட்டை, கடுக்காய் போன்றவற்றில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருளில் ஊறவைத்துப் பதனிடுவது ஒரு முறை. குரோமியம் உப்பில் பதனிடுவது மற்றொரு முறை. டானின் தோல் விறைப்பாக இருக்கும், தண்ணீர் பட்டால் களிமண் போல வடிவம் ஏற்கும், விளிம்பைத் தேய்த்தால் இழைகள் ஒன்றோடொன்று படிந்து கண்ணாடி போல மெருகேறும். குரோம் தோல் தண்ணீரையும் வெப்பத்தையும் நன்றாகத் தாங்கும், துவளும். ஆனால் அதன் விளிம்பை எவ்வளவு தேய்த்தாலும் இழைகள் படிய மறுக்கும். ஒரு மணி நேரம் மரக்கட்டையால் தேய்த்துக் கை வீங்கியதுதான் மிச்சம். குரோம் தோலின் விளிம்பை உள்ளே மடித்துத் தைக்க வேண்டும், அல்லது அதற்கென்று உள்ள விளிம்பு வர்ணத்தைப் பல அடுக்காகப் பூச வேண்டும். சாயம் முழுவதும் ஊறாத துண்டாக இருந்தால், வெட்டிய விளிம்பில் தெரியும் நீலச் சாம்பல் நிறமே அது குரோம் தோல் என்று காட்டிக்கொடுத்துவிடும். டானின் தோலின் வெட்டு பழுப்பாக இருக்கும். இந்த ஒரு பார்வையை அன்றே பார்த்திருந்தால் பிசினைத் திட்டியிருக்க மாட்டேன்.

இரண்டாவது உறைக்கு டானின் தோல் வாங்கினேன், தடிமனில் தவறினேன். தோலின் தடிமனைப் பல இடங்களில் அவுன்ஸ் கணக்கில் சொல்வார்கள். ஓர் அவுன்ஸ் என்பது ஓர் அங்குலத்தின் 64-இல் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 0.4 மி.மீ. ஐந்து அவுன்ஸ் என்பது காதில் சிறியதாக விழுந்தது. கையில் வந்தபோது 2 மி.மீ. இருந்தது. மூன்று அடுக்கு சேர்ந்ததும் அடித்தையல் 6 மி.மீ. ஆகிவிட, அட்டை உறை செங்கல் துண்டு போலச் சட்டைப்பையில் துருத்திக்கொண்டது. மூன்றாவதிலிருந்து 1.2 மி.மீ. தோலுக்கு மாறினேன். உள்பையை ஆங்கில ‘T’ எழுத்தின் வடிவில் வெட்டப் பழகினேன்: மேலே உள்ள இரு காதுகள் மட்டும் பக்கத் தையலுக்கு நீளும், கீழ்ப்பகுதி குறுகி, பின்துண்டின் மேல் தனியாக ஒரு வரித் தையலில் நின்றுவிடும். அதனால் அடி விளிம்பில் மூன்று அடுக்குக்குப் பதில் இரண்டே அடுக்கு வருகிறது. காதுகள் வரும் இடத்தைச் சதைப்பக்கத்திலிருந்து, அதாவது தோலின் உட்புறத்திலிருந்து, பாதித் தடிமனுக்குச் சீவிவிட்டால், மேலே படியும் பையில் மேடு தெரியாது.

சீவுவது என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டேன். அந்தச் சொல்லுக்குள் நான் செலவிட்ட நாள்கள் அதிகம். மொட்டைக் கத்தி தோலைச் சீவாது, பிய்க்கும். நான் முதலில் வாங்கிய கத்தி கடையிலிருந்து வந்த கூர்மையோடேயே நல்ல கத்தி என்று நம்பியிருந்தேன். 1000 எண் சாணைக்கல்லில் முகத்தைச் சமன்செய்து, அதைவிட நுண்ணிய கல்லில் தீட்டி, பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு பசை தடவிய தோல் பட்டையில் இழுத்த பிறகே ‘கூர்மை’ என்ற சொல்லால் கைவேலைக்காரர்கள் எதைக் குறிக்கிறார்கள் என்று தெரிந்தது. அந்தப் பட்டையிலும் ஒரு பிழை செய்தேன். அழுத்தி இழுத்தால் வேகமாகக் கூராகும் என்று எண்ணி அழுத்தினேன். பட்டைத் தோல் மெத்தென்று இருப்பதால் கத்தியின் கீழ் அமுங்கி, கூர்முனை கடந்ததும் எழும்பி, முனையை உருட்டிவிடுகிறது. கல்லில் ஒரு மணி நேரம் சேர்த்ததைப் பட்டையில் ஐந்து நிமிடத்தில் அழித்தேன். கத்தியின் சொந்த எடையோடு, முதுகு முன்னே செல்ல, முனை பின்னால் வர, இழுப்பின் முடிவில் கோணத்தைத் தூக்காமல் இழுக்க வேண்டும்.

கத்தி சரியானதும் விளிம்பும் பாதி சரியாகிவிட்டது. நான் எதிர்பார்க்காத பலன் இது. முன்பு கத்தி சாய்ந்து வெட்டியதால் மூன்று துண்டுகளின் ஓரங்களும் வெவ்வேறு கோணத்தில் நின்றன. அவற்றைச் சமன்படுத்த உப்புத்தாளால் நிறையத் தேய்க்க வேண்டியிருந்தது. நிறையத் தேய்த்ததில் இழைகள் பஞ்சாக எழும்பின. பஞ்சு எழுந்த விளிம்பில் பிசின் நிற்கவில்லை. எஃகு அளவுகோலின் அடியில் உப்புத்தாள் துண்டு ஒன்றை ஒட்டி அது நழுவாமல் செய்துகொண்டேன். ஒரே இழுப்பில் வெட்டிவிட வேண்டும் என்ற ஆசையையும் விட்டேன். முதல் இழுப்பு கோடு போடுவதற்கு, அடுத்த இரண்டு மூன்று இழுப்புகள் வெட்டுவதற்கு.

இரும்புக் கறையைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் கெட்டதிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான். இரண்டாவது உறையின் முன்பையில் அலங்காரக் கோடு போடுவதற்காகத் தோலை நனைத்து, மேசையில் விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். அதே மேசையில்தான் அன்று பகலில் ஓர் இரும்புத் துண்டுக்கு அரம் போட்டிருந்தேன். காலையில் தோலின் மேல் மிளகளவில் கருநீலப் புள்ளிகள். துடைத்தேன், சோப்பு நீர் விட்டேன், ஒன்றும் அசையவில்லை. பிறகு யோசித்தபோது அது அழுக்கே இல்லை என்று புரிந்தது. கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதியைச் சேர்த்தால் கறுப்பு மை ஆகும் என்பது பழைய செய்தி. கடுக்காயில் இருப்பது டானின், அன்னபேதி என்பது இரும்பின் உப்பு. என் மேசையில் ஈரத்தோலில் டானின் இருந்தது, அரப்பொடியில் இரும்பு இருந்தது. இரவெல்லாம் தோலுக்குள்ளேயே மை தயாராகியிருக்கிறது. கையுறை அணிந்து, நீர்த்த ஆக்சாலிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டு ஒற்றியபோது புள்ளிகள் கரைந்து போயின. அந்த அமிலம் நச்சு. பிறகு தோலைச் சுத்தமான நீரில் நன்றாகக் கழுவ வேண்டியிருந்தது, தோலும் அந்த இடத்தில் சற்றே வெளிறியது.

விபத்தாக வந்த கறுப்பை வேண்டுமென்றே கொண்டுவர முடியும் அல்லவா? இரும்புப் பஞ்சை எண்ணெய் நீங்கக் கழுவி, ஒரு கண்ணாடிக் குடுவையில் வினிகரில் போட்டு, மூடியை இறுக்காமல் வைத்தேன். இரும்பு அமிலத்தில் கரையும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் இறுக்கி மூடினால் குடுவை வெடிக்கக்கூடும். பக்கத்தில் தீயும் ஆகாது. ஒரு வாரத்துக்குப் பிறகு அந்த நீரை வடிகட்டி டானின் தோல் துண்டில் தடவியபோது முதலில் சாம்பலாக, சில நிமிடங்களில் கரிக்கறுப்பாக மாறியது. அதே நீரை மீந்திருந்த குரோம் தோலில் தடவினேன். அழுக்குத் தண்ணீர் பட்டது போல ஒரு மங்கலைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. மேலே பூசப்படுகிற சாயம் போல் அல்லாமல் இந்தக் கறுப்பு தோலின் டானினோடு சேர்ந்தே உண்டாவதால், காய்ந்த பிறகு வெள்ளைத் துணியால் எவ்வளவு தேய்த்தாலும் ஒட்டிக்கொள்வதில்லை. மிஞ்சிய அமிலத்தைச் சமையல் சோடா கலந்த நீரால் முறித்து, கழுவி, காயவைத்து, எண்ணெய் கொடுக்க வேண்டும். வினிகர் வாடை போக மேலும் சில நாள்கள் பிடிக்கும். நான்காவது உறையின் கறுப்பு இப்படி வந்ததுதான். ஆனால் அரம் போடும் மேசையும் தோல் மேசையும் இப்போது வேறு வேறு.

கறுப்பு போதும் என்பவர்களுக்குச் சரி. பழுப்பு வேண்டுமானால் சாயப் புட்டிக்குத்தான் போக வேண்டும். மதுசாரச் சாயம் தோலில் பட்ட கணமே உறிஞ்சப்பட்டுவிடும். சின்னத் தூரிகையால் வரிவரியாகப் பூசினால், வரியும் வரியும் சந்திக்கும் இடமெல்லாம் நிறம் இரு மடங்கு அடர்ந்துவிடும். என் இரண்டாவது உறையின் முதுகு இன்றும் உழுத வயல் போலத்தான் இருக்கிறது. அதற்குரிய கரைப்பானைச் சேர்த்துப் பாதியாக நீர்த்து, துணி உருண்டையால் வட்டவட்டமாக, ஒவ்வொரு பூச்சுக்கும் திசை மாற்றி, மூன்று முறை பூசுவது நல்லது. பூசுவதற்கு முன் மிக லேசாக எண்ணெய் காட்டி ஓர் இரவு விட்டால் உறிஞ்சுவது சீராகிறது. ஒரே தோலிலும் முதுகுப் பகுதி இறுக்கமானது, வயிற்றுப் பகுதி தளர்வானது. வயிற்றுப் பகுதி சாயத்தை அதிகம் குடிக்கும், இழுத்தால் நீளவும் செய்யும். முன்பையை முதுகிலிருந்தும் பின்துண்டை வயிற்றிலிருந்தும் வெட்டிய நான், இரண்டும் வேறு வேறு நிறத்தில் நின்றதைக் கண்டு சாயம் கெட்டுப்போனது என்று தீர்ப்பு எழுதியிருந்தேன்.

திட்டுகளின் மறுபாதிக் காரணம் பசை. தோல்வேலையில் பயன்படும் காண்டாக்ட் பசையை இரண்டு பக்கமும் மெல்லப் பூசி, பத்துப் பதினைந்து நிமிடம் காயவிட்டு, விரலில் ஒட்டாத நிலை வந்ததும் அழுத்த வேண்டும். ஒட்டிய பிறகு நகர்த்த முடியாது. இரண்டாவது உறையை முதலில் ஒட்டி, தைத்து, அதன் பிறகு சாயம் பூசினேன். விரலில் இருந்த பசை மேல்முகத்தில் எங்கெல்லாம் பட்டிருந்ததோ அங்கெல்லாம் சாயம் இறங்காமல், என் கட்டைவிரல் ரேகை வெளிறிய முத்திரையாகப் பதிந்துவிட்டது. மூன்றாவதில் பாடம் கற்றவன் போல முதலிலேயே சாயமிட்டு, மேல்பூச்சும் பூசி, பிறகு ஒட்டினேன். மேல்பூச்சின் மேல் பசை பிடிக்கவில்லை. தைக்கும்போதே அடுக்குகள் வாய் பிளந்தன. நான்காவதில்தான் வரிசை நிலைபெற்றது: சாயம் முதலில், பிறகு கவராயத்தால் விளிம்பிலிருந்து 3 மி.மீ. கோடு கீறி, அந்தக் கோட்டுக்கு வெளியே உள்ள மேல்முகத்தை மட்டும் சுரண்டிச் சொரசொரப்பாக்கி, அந்தப் பட்டையில் மட்டும் பசை. மேல்பூச்சு எல்லாவற்றுக்கும் கடைசியில்.

வரிசையில் இன்னொன்றும் உண்டு. பைகளின் வாய் விளிம்புகளை ஒட்டுவதற்கு முன்பே மெருகிட்டுவிட வேண்டும். ஒட்டிய பிறகு உள்பையின் வாய் பின்துண்டோடு படிந்துவிடுவதால் அங்கே மரக்கட்டை நுழையாது. மூன்றாவது உறையில் வெளி விளிம்புகள் பளபளக்க, உள்பையின் வாய் மட்டும் பச்சைத் தோலாக நிற்கிறது.

மெருகிடும் செய்முறை கடினமில்லை, பொறுமைதான் வேண்டும். பெவலர் என்ற விளிம்பு சீவும் கருவியால் விளிம்பின் இரு கூர்மூலைகளையும் வழித்துவிட்டு, 400 எண் உப்புத்தாளில் தொடங்கி 800 வரை தேய்த்து, சாயமிட்டு, டிராகாந்த் என்ற மெருகுப் பிசினை விரல்நுனி அளவு தடவி, பள்ளம் கொண்ட மரக்கட்டையால் லேசாகவும் வேகமாகவும் தேய்க்க வேண்டும். உராய்வின் சூட்டில்தான் இழைகள் படிகின்றன. அழுத்தினால் விளிம்பு காளான் குடை போல இருபுறமும் விரியும். அதிகம் நனைத்தாலும் அப்படியே. கடைசியில் தேன்மெழுகைத் தேய்த்துத் தடித்த துணியால் துடைத்தால் போதும்.

தையலுக்கு வருகிறேன். ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசிகளையும் எதிரெதிராகச் செலுத்தும் சேணத் தையலைத்தான் நான்கிலும் போட்டேன். தையல் இயந்திரத்தில் மேல்நூலும் கீழ்நூலும் நடுவில் கொக்கி போட்டுக்கொள்வதால் ஓரிடத்தில் அறுந்தால் பிரிந்துகொண்டே போகக்கூடும். சேணத் தையலில் ஒன்று அறுந்தாலும் மற்றொரு நூல் அதே துளை வழியாக நின்று பிடித்துக்கொள்ளும். என் உறையின் தையல் நீளம் ஏறத்தாழ 250 மி.மீ.; அதைப்போல் நான்கு மடங்கு நூலும், கையில் பிடிக்கக் கொஞ்சம் கூடுதலும் வேண்டும். முதல் முறை மூன்று மடங்கு எடுத்து, கடைசி ஐந்து துளைகளுக்கு நூல் இல்லாமல் நின்றேன். இரண்டாம் முறை ஊசிமுனை மறுநூலைக் குத்திக்கொண்டு போய்விட்டது; அதைக் கவனிக்காமல் இழுத்ததால் அவிழ்க்கவும் முடியவில்லை, இறுக்கவும் முடியவில்லை. ஊசி மொட்டை முனையாக இருக்க வேண்டியது இதற்காகத்தான். துளையிடுவது வரிசையாகப் பற்கள் கொண்ட தையல் உளியின் வேலை, ஊசி வெறும் வழிகாட்டி.

அந்தத் தையல் உளியைக் கொட்டாப்புளியால் மட்டுமே தட்ட வேண்டும். இரும்புச் சுத்தியலால் தட்டினால் உளியின் தலை மலர்ந்துவிடும். அடியில் கருங்கல் பலகை இருக்கலாம், ஆனால் தோலுக்கும் கல்லுக்கும் நடுவே பிளாஸ்டிக் பலகையோ தடித்த தோலோ இல்லாவிட்டால் பற்களின் முனை மழுங்கும். நான் ஒரு பல்லை முழுதாகவே இழந்தேன். உளி இம்மியளவு சாய்ந்தாலும் முன்புறத் துளைகள் கோட்டில் இருக்க, பின்புறத் துளைகள் கோட்டை விட்டு விலகும். முன்னால் மட்டும் பார்த்துக்கொண்டு தட்டுகிறவருக்கு உறையைத் திருப்பும்வரை இது தெரியாது.

எண்ணெயும் மேல்பூச்சும் மூன்றாவது உறையை இருமுறை கெடுத்தன. மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுக்கப்படும் நீட்ஸ்ஃபுட் எண்ணெயை, தோல் குடிக்கக் குடிக்க ஊற்றினேன். அது குடித்துக்கொண்டேயிருந்தது. மறுநாள் உறை துவண்டு, நிறம் இரண்டு மடங்கு அடர்ந்து, செருகிய அட்டையில் எண்ணெய்ப் பிசுக்கு. அதன்மேல் அக்ரிலிக் மேல்பூச்சைத் தடிமனாகப் பூசினேன். அது தோலைப் பிடித்துக்கொள்ளாமல், வளைத்த இடத்தில் நகப்பூச்சு போல வெடித்து உரிந்தது. நான்காவதற்குத் துணியில் நான்கு சொட்டு எண்ணெய், ஓர் இரவு ஓய்வு, பாதி தண்ணீர் கலந்த மேல்பூச்சை இரண்டு முறை, பூசிய இடத்துக்குத் திரும்பிப் போகாமல். நனைந்த தோலைச் சீக்கிரம் உலர்த்த முடி உலர்த்தியைக் காட்டியதும் ஒருமுறை நடந்தது. ஈரத்தோடு சூடேறிய டானின் தோல் சுருங்கி, சருகு போல மொறுமொறுத்துப் போனது. அந்தத் துண்டுக்கு எண் கூட இடவில்லை.

நான்காவது உறை இப்போது பயன்பாட்டில் இருக்கிறது. எழுதுவதற்காகத்தான் இழுப்பறையில் மற்ற மூன்றோடு வைத்திருக்கிறேன். அட்டை இறுக்கமாக நுழைந்து நிற்கிறது, கறுப்பு துணியில் ஒட்டுவதில்லை, வாய் விளிம்பு நகத்துக்கு வழுக்குகிறது. பின்புறம் திருப்பினால் வலது கீழ்மூலையில் இரண்டு தையல்கள் கோட்டைவிட்டு ஒரு மி.மீ. வெளியே போயிருக்கின்றன, மூலை வளைவில் நான்கு பல் உளியையே வைத்துத் தட்டியதன் விளைவு அது. ஐந்தாவதற்குத் தோல் வெட்டி வைத்துவிட்டேன். அதன் வளைவுகளில் உளியை எடுக்காமல், சாய்சதுர முனைக் குத்தூசியால் ஒவ்வொரு துளையாகப் போடப்போகிறேன். அதற்கு முன் அந்தக் குத்தூசியைத் தீட்ட வேண்டும்.